மாடிக்குக் கம்பி விட்ட பெட்டி

“தம்பி, பத்திரிகையிலே எழுதறவருக்குத் தெரியாத விஷயம் உண்டா? ஒரு யோசனை சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு அக்கா ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயங்களையெல்லாம் திரட்டி விட்டால் வைகையில் வருஷம் முழுவதும் வெள்ளம் ஓடும். இருந்தாலும் யோசனை கேட்டு வந்தவரை வெறுங் கையோடு அனுப்பலாமா? “சொல்லுங்க அக்கா” என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. துணி வாங்கி, சுங்குடி முடிச்சுப் போடும் பெண்களிடம் கொடுத்து, சாயம் ஏறி வந்த சேலைகளைச் சென்னை, கோயமுத்தூர் என்று வெளியூர்களுக்கு அனுப்புகிறார். கணக்கில் பாதி கைபேசியில் இருக்கிறது. பாதி ஒரு நீல நோட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று ஒப்புக் கொள்வதில்லை. மகள் பி.காம். முதல் வருஷம், மகன் ஒன்பதாம் வகுப்பு. சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய் கையில் வந்திருந்தது. ஆடித் தள்ளுபடி விளம்பரங்களும் வந்திருந்தன. இது நடந்தது 2025-ஆம் வருஷத்து ஆடி மாசம்.

“வீட்டிலே டி.வி. இருக்கு. அதையே திரையா வச்சுக்கலாம்னு பாப்பா சொல்றா. அஞ்சறைப் பெட்டி மாதிரி இம்புட்டுக் கம்ப்யூட்டர் வருதாமே! அதை நம்பலாமா, கூடாதா? இந்தப் பணம் வீணாப் போச்சுன்னா அடுத்த சீட்டுக்கு இருபது மாசம் ஆகும் தம்பி.”

இருபது மாசம் என்றதும் என் மிடுக்கு இறங்கி விட்டது. அதற்குக் காரணம் உண்டு.

தங்கைக்குச் செய்த உபகாரம்

நாலு வருஷத்துக்கு முன்பு, திருமங்கலத்தில் இருக்கும் என் தங்கைக்கு இதே மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். பணம் அவளுடையது, புத்தி என்னுடையது. இணைய வழியாகப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கியிருந்தாள். பெட்டி உள்ளங்கையில் அடங்கியது. குங்குமச் சிமிழ் மாதிரி பளபளவென்று இருந்தது. “4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு” என்றார் கடைக்காரர். “போதுமா?” என்று கேட்டேன். “தாராளம்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. புதுப்பிப்புகள் வந்து வந்து சேமிப்பு நிறைந்து விட்டது. வகுப்பைத் திறந்தால் பாடம் திறக்காது; பாடத்தைத் திறந்தால் வகுப்பு நின்று விடும். ரிப்பேர்காரரிடம் கொண்டு போனோம். திறந்து பார்த்து விட்டு, “அண்ணே, ரேம், சேமிப்பு ரெண்டுமே போர்டோட ஒட்டி வச்சிருக்கு. எதையும் கூட்ட முடியாது” என்று திருப்பிக் கொடுத்து விட்டார்.

தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டியூஷனை நிறுத்தி விட்டாள். அந்தப் பெட்டியை இப்போது கொலுவில் ஒரு பொம்மைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறாள். நவராத்திரிக்கு நவராத்திரி போய் நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அக்காவிடம் சொன்னேன்: “யோசனை சொல்ல மாட்டேன். நாளைக்கு டவுன் ஹால் ரோடு போவோம். மூடியைத் திறந்து காட்டச் சொல்வோம்.”

மூடியைத் திறந்தால்

கடையில் ரிப்பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தது இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். “வாங்கறதுக்கு முன்னாடி உள்ளே பார்க்கணும் பாப்பா” என்றார் அக்கா. அந்தப் பெண் முகம் மலர்ந்து விட்டது. “யாருமே இப்படிக் கேக்கறதில்லைக்கா! எல்லாரும் கலரைத்தான் கேப்பாங்க” என்று சொல்லி, மேஜை மேல் மூன்று தினுசுப் பெட்டிகளை வைத்தாள்.

முதலாவது, ஆபீஸ்களில் உபயோகப்படும் தினுசு. லெனோவோவின் ‘டைனி’, எச்.பி.யின் ‘மினி’, டெல்லின் ‘மைக்ரோ’ எல்லாம் இந்த ஜாதி. சுமார் 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் கனம். கன அளவு போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வருகிறது. அதனால் இவற்றுக்கு ‘ஒரு லிட்டர் பெட்டி’ என்றே பெயர். பால் மாதிரி கம்ப்யூட்டரையும் லிட்டர் கணக்கில் சொல்லும் காலம் வந்து விட்டது, பாருங்கள்! இரண்டாவது அதிலும் சிறியது. உள்ளே இருக்கும் போர்டு பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். மூன்றாவது என் தங்கையின் பெட்டிக்கு உடன்பிறப்பு. எனக்கு அதன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

ஒரு லிட்டர் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்தாள். பத்து நிமிஷ வேலை இருக்கும் என்று எண்ணினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே ஒரு சின்ன மின்விசிறி. அதன் பக்கத்தில் பச்சைத் தகடு ஒன்று. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். அதற்கு அருகிலேயே அதே அளவில் ஒரு காலி இடம்.

“இது ரேம். லேப்டாப்பில் போடற அதே தினுசுதான். ஒரு ஸ்லாட்டிலே 8 ஜி.பி. இருக்கு. இன்னொரு ஸ்லாட் காலி. எப்ப வேணுமோ அப்பப் போட்டுக்கலாம்.”

அக்கா குனிந்து அந்தக் காலி இடத்தையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “நம்ம வீட்டு மொட்டை மாடியிலே கம்பி விட்டு வச்சிருக்கோமே, அந்த மாதிரி!” என்றார்.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், தரைத்தளம் மட்டும் கட்டிய வீடுகளின் தலையில் இரும்புக் கம்பிகள் நீட்டிக் கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பணம் இன்றைக்கு இவ்வளவுதான். ஆனால் பையன் சம்பாதிப்பான், மகள் வேலைக்குப் போவாள், அப்போது மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கைதான் அந்தக் கம்பி. குடும்பத்துக்குப் பணம் ஒரேயடியாக வருவதில்லை. கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.

மேடையும் பரணும்

ரேம், சேமிப்பு என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பல சகோதரிகள் கேட்பதுண்டு. சமையலறையை நினைத்துக் கொள்ளுங்கள். ரேம் என்பது அடுப்பு மேடை. அதில் ஒரே சமயத்தில் எத்தனை பாத்திரம் பரப்பி வேலை செய்யலாம் என்பதுதான் கணக்கு. சேமிப்பு என்பது பரண். எவ்வளவு சாமான் போட்டு வைக்கலாம் என்பது அதன் கணக்கு. மேடை குறுகலாக இருந்தால் பரண் எவ்வளவு விசாலமாக இருந்தும் சமையல் தாமதப்படும். பிராசஸர் என்பது சமைக்கிறவரின் கை.

மேடையை அகலப்படுத்த ரேம் ஸ்லாட் வேண்டும். பரணைப் பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ‘எம்.2’ என்ற ஸ்லாட். அதில் செருகும் எஸ்.எஸ்.டி. பட்டை 2.2 சென்டிமீட்டர் அகலம், பெரும்பாலும் 8 சென்டிமீட்டர் நீளம். ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நெடுக்கே பாதியாக மடித்த மாதிரி இருக்கும். மற்றொன்று, லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குல டிஸ்க் வைக்கும் கூடு. ஒரு லிட்டர் பெட்டிகள் பலவற்றில் இரண்டும் உண்டு.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். எம்.2 பட்டைகள் பார்க்க ஒன்று போல இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ‘சாட்டா’ தினுசு வினாடிக்கு 550 எம்.பி. அளவில் நின்று விடும், ‘என்.வி.எம்.இ.’ தினுசு அதைப் போலப் பல மடங்கு வேகம். எந்தப் பெட்டி எதை ஏற்கும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரேமிலும் அப்படியே. டி.டி.ஆர்.3, 4, 5 என்று தலைமுறைகள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராதபடி, தகட்டின் ஓரத்தில் உள்ள வெட்டு இடம் மாறி இருக்கும். அழுத்தி உட்கார வைத்தால் உடைவதுதான் மிச்சம்.

இன்னொரு சூட்சுமத்தையும் அந்தப் பெண் சொன்னாள். இரண்டாவது பெட்டியில் இருந்தது இன்டெல் ‘என் 100’ பிராசஸர். 2023-இல் வந்தது, வெறும் 6 வாட் கணக்கில் வடிவமைத்த சிக்கனக்காரர். வீட்டுக் கணக்கு, படிப்பு, சினிமா எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் இந்த வகைப் பெட்டிகளில் சாதாரணமாக ரேம் ஸ்லாட் ஒன்றுதான். நாளைக்குக் கூட்ட வேண்டுமானால் பழையதைக் கழற்றி விட்டுப் பெரியதாக ஒன்று போட வேண்டும். முதலில் போட்ட காசு அந்தரத்தில் நிற்கும். “ரேம் எவ்வளவு?” என்று கேட்டால் மட்டும் போதாது, “எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி?” என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டித் தகட்டால் திறந்த கதை

சின்னப் பெட்டியைத் திறக்கலாமா, கூடாதா என்ற வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 2005 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ‘மாக் மினி’யை அறிமுகப்படுத்தினார். ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், 499 டாலர் விலை. அதில் இருந்த ரேம் 256 எம்.பி. மட்டும். வெளியே ஒரு திருகாணி கூடத் தென்படாது. அதற்காக ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சுவருக்குப் பட்டி போடும் மெல்லிய தகட்டை விளிம்பில் செருகி நெம்பித் திறந்து, தாங்களே ரேம் மாற்றினார்கள்! 2010-இல் அந்தக் கம்பெனியே அடிமூடியைக் கையால் திருகித் திறக்கும்படி செய்தது. 2014 மாடலில் ரேமைப் போர்டோடு ஒட்டி விட்டது. 2020 முதல் பிராசஸரும் ரேமும் ஒரே பொட்டலமாகவே வருகின்றன. 2024-இல் வந்த மாக் மினி ஐந்து அங்குலச் சதுரம்தான்.

ஒட்டி வைப்பதில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ரேம் பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். பெட்டியும் சின்னதாகும். ஆனால் வாங்குகிற அன்றைக்கே மாடியையும் சேர்த்துக் கட்டி விட வேண்டும். கையில் முழுப் பணம் இருக்கிறவர்களுக்கு அது சரி.

இன்டெல் கம்பெனி வேறு வழியில் போயிற்று. 2012-இன் கடைசி வாக்கில் அது விற்பனைக்குக் கொண்டு வந்த ‘நக்’ பெட்டி நான்கு அங்குலச் சதுரப் போர்டு கொண்டது. பெரும்பாலும் ரேமும் சேமிப்பும் இல்லாமலே விற்றார்கள். வேண்டியதை வாங்குகிறவர்களே போட்டுக் கொண்டார்கள். 2023-இல் இன்டெல் அந்தத் தொழிலை விட்டு விலகி, தைவான் நாட்டு ஆசுஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தது.

மேலூர் சொன்ன பாடம்

பெட்டிக்குள் இருப்பதைத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2001-இல் சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு சர்வகலாசாலைகளும் மற்றவர்களும் கூடி, மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் தொடங்கினார்கள். ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொடர்பு முறை அந்தக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டு போயிற்று. கிராமத்து மையத்தில் காமிராவில் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி யோசனை கேட்கக்கூட வசதி இருந்தது.

அந்த மையங்களில் பெரும்பாலானவை சில வருஷங்களில் மூடப்பட்டன. ஏன் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: கம்ப்யூட்டரில் முன்பே பயிற்சி பெற்றவர்கள் உடைமையாளர்களாக இருந்த மையங்களும், பயிற்சி பெற்ற ஆளைத் தனியாக வைத்து நடத்திய மையங்களும் அதிக நாள் நீடித்தன. வீட்டுக்கும் அதே கதைதான். பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அதன் ஆயுசு கெட்டி.

எதைக் கூட்ட முடியாது?

சின்னப் பெட்டியின் புகழை மட்டும் பாடி விட்டு நிறுத்தினால் தங்கைக்குச் செய்த பாவத்தை மறுபடி செய்தவனாவேன். பெரிய கிராபிக்ஸ் அட்டை பெரும்பாலான சின்னப் பெட்டிகளில் நுழையாது. நுழைந்தாலும் அதற்குத் தீனி போடும் மின்சாரம் அந்தச் சின்ன அடாப்டரிடம் இருக்காது. ‘தண்டர்போல்ட்’ துவாரம் உள்ள சில பெட்டிகளில் வெளியே தனிக் கூட்டில் வைத்து இணைக்கலாம். அந்தக் கூட்டின் விலைக்கு இன்னொரு பெட்டியே வந்து விடும். வீட்டில் கனமான விளையாட்டுகள், சினிமா எடிட்டிங் என்று உத்தேசம் இருந்தால் பழைய மாதிரிப் பெரிய கோபுரப் பெட்டியே நல்லது.

லேப்டாப்புக்கு உள்ள பாட்டரியும் இதில் கிடையாது. கரண்ட் போனால் அந்த வினாடியே நின்று விடும். ஆனால் சாதாரண வேலையின்போது இத்தகைய சிக்கனப் பெட்டி எடுத்துக் கொள்வது பத்து இருபது வாட்தான். பழைய கூரை மின்விசிறி ஒன்று எழுபது எழுபத்தைந்து வாட் சாப்பிடும். ஆகவே வீட்டு இன்வெர்ட்டர் இதைச் சுமையாகவே நினைக்காது. கரண்ட் மாறும் நேரத்தில் பெட்டி கண் சிமிட்டாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

மதுரை வெயிலுக்கு ஒரு வார்த்தை: அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். சின்னப் பெட்டிக்கு மூச்சு விடும் இடமும் சின்னது. வருஷத்துக்கு ஒரு முறையாவது திறந்து தூசி தட்ட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. ரேம் ஒட்டியதா, கழற்றக் கூடியதா? எத்தனை ஸ்லாட்? எத்தனை காலி? மொத்தம் எவ்வளவு வரை ஏற்கும்?

2. எம்.2 ஸ்லாட் சாட்டாவா, என்.வி.எம்.இ.யா? இரண்டரை அங்குலக் கூடு உண்டா?

3. பழைய பெட்டியானால் பிராசஸர் எந்தத் தலைமுறை? விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தியதை மலிவு என்று வாங்கினால் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாராக இருக்க வேண்டும்.

4. உடன் வரும் அடாப்டர் அந்தப் பெட்டிக்கே உரியதா? கம்பெனிக்குக் கம்பெனி முனையும் அளவும் மாறும்.

5. டி.வி.யில் செருக எச்.டி.எம்.ஐ. துவாரம் உண்டா, அல்லது இடையில் வேறு கம்பி வாங்க வேண்டுமா?

பரணிலிருந்து வந்த சீதனம்

அக்கா அன்றைக்கே வாங்கி விட்டார். ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு லிட்டர் பெட்டி, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டது, 8 ஜி.பி. ரேம், ஒரு ஸ்லாட் காலி. சீட்டுப் பணத்தில் மிச்சமும் இருந்தது. அது நூல் வியாபாரிக்குப் போயிற்று.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 2025-இன் கடைசி மாதங்களில் உலகம் பூராவும் ரேம் விலை தங்கம் மாதிரி ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் ரேமை வாரிக் கொண்டு போனதுதான் காரணம். “பாத்தியா தம்பி, அன்னிக்கே போட்டிருக்கணும்!” என்று அக்கா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அசையவில்லை. “விலை ஏறினா ஏறட்டும். காலி இடம் சோறா கேக்குது?” என்று விட்டார்.

ஆனால் மகள் சும்மா இருக்கவில்லை. சித்தப்பா வீட்டுப் பரணில் திரை உடைந்த லேப்டாப் ஒன்று தூசியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, அடியைத் திறந்து ரேம் தகட்டை எடுத்தாள். அதுவும் டி.டி.ஆர்.4, வெட்டு இருந்த இடமும் ஒன்றுதான். கம்ப்யூட்டரின் அடாப்டரைப் பிடுங்கி விட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக ஓர் இரும்பைத் தொட்டு விட்டு, தகட்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினாள். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. பெட்டியை இயக்கினால் 16 ஜி.பி. என்று காட்டியது! செலவு ஒரு பைசா இல்லை. லேப்டாப்பின் பழைய டிஸ்க்கும் இரண்டரை அங்குலக் கூட்டில் குடியேறி விட்டது. நீல நோட்டுக் கணக்கு முழுவதும் இப்போது அதில்தான் இருக்கிறது. கைபேசியோடும் சமாதானமாகி விட்டது என்று கேள்வி.

2026 பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டு போனேன். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், அரிசி, புடவை. அவற்றின் மேல் ஒரு லிட்டர் பெட்டி ஒன்று. ரேம் விற்ற விலைக்கு ஒரு ஸ்லாட்டைக் காலியாகவே விட்டுத்தான் வாங்க முடிந்தது. தங்கை பெட்டியைக் கையில் எடுத்தாள். பளபளப்பைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பித் திருகாணிகளை எண்ணினாள்.

“அண்ணே, கூட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிட்டு வந்திருக்கீங்களா?”

வாங்கிக் கொண்டுதான் போயிருந்தேன். மாசி மாசம் டியூஷன் மறுபடி தொடங்கி விட்டது. கொலுவில் முட்டுக் கொடுத்திருக்கும் அந்தப் பழைய பெட்டியையாவது திருப்பிக் கொடு என்று கேட்டேன். “அது இருக்கட்டும் அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கணுமில்லே?” என்று சொல்லி விட்டாள்.